சாக்குக் கூரை

ஜப்பான்காரன் வந்த இரண்டாம் வருஷம், எங்கள் ஒத்தப்பாறைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தின் தகரக் கூரையைப் பட்டாளத்து லோரி வந்து கழற்றிக்கொண்டு போனது. காலையில் வந்தார்கள், மத்தியானத்துக்குள் ஒரு தகடு மிச்சமில்லை. ஆணிகளை மட்டும் விட்டுவிட்டுப் போனார்கள், அதுவும் வளைந்த ஆணிகள். நாலு பக்கமும் பலகைச் சுவர் நிற்க, நடுவில் பிள்ளைகள் வானத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஆக்னஸ் டீச்சர் ஒரு வாரம் குடையைப் பிடித்துக்கொண்டு பாடம் நடத்திப் பார்த்தாள். மழைக்காலம் தொடங்கியதும் பள்ளிக்கூடம் நின்றுபோயிற்று.

தோட்டம் மலாய்ச் சீமையில், பெடாஸ் ஊருக்கு மேற்கே, செம்மண் சாலையில் மூன்று மைல். நான் அங்கே ரப்பர் பால்வெட்டுக்காரன், பெயர் முருகையா. பெயர்தான் பால்வெட்டுக்காரன். வெள்ளைக்காரத் துரை ஓடிய பிறகு ரப்பரை வாங்க ஆளில்லை, மரங்கள் சும்மா நின்றன. பால் காய்ச்சி ஷீட்டு அடிக்கிற ஸ்டோரில் சிலந்தி வலை. நாங்கள் வரிசை வீடாகக் குடியிருந்த லயத்து வாசலில் இருந்த பூச்செடியைக்கூடப் பிடுங்கிவிட்டு மரவள்ளி நட்டிருந்தோம். காலையில் அவித்த மரவள்ளி, சாயங்காலம் சுட்ட மரவள்ளி, நடுவில் பசி. துணி என்று ஒன்று எந்தக் கடையிலும் கிடையாது. வாழைமரம் போட்ட ஜப்பான் நோட்டைக் கட்டாகக் கொண்டுபோனாலும் பெடாஸ் கடைக்காரன் முகத்தைத் திருப்பிக்கொள்வான். அதனால் சாக்கைக் கட்டிக்கொண்டோம். இடுப்புக்கு ஒரு சாக்கு, மழைக்குத் தலையில் ஒரு சாக்கு, பெண்களுக்குக் கிழிந்த சேலைக்கு மேல் ஒரு சாக்கு. முதல் வாரம் உடம்பெல்லாம் அரிக்கும், பிறகு தோல் பழகிவிடும். அந்தக் காலத்தில் ஒரு வீட்டுக்குச் சொத்து எவ்வளவு என்று கேட்டால் எத்தனை சாக்கு என்று எண்ணிச் சொல்லிவிடலாம்.

கார்த்திகை பிறந்த வாரம், ஒரு நாள் காலையில் ஆள் எண்ணுகிற பெரட்டில் எல்லோரையும் நிற்க வைத்து, தோட்டத்துக் கணக்கெழுதுகிற மணியம் கிராணி ஒரு சேதி சொன்னார். துரை இல்லாத தோட்டத்துக்கு அவர்தான் துரை, ஜப்பான்காரனுக்கு அவர்தான் கையாள். கெட்ட மனுஷர் இல்லை. பயந்த மனுஷர்.

"லிங்கி ஆத்தோரம் ஆமணக்கு நடப் போறாங்களாம். எட்டு வயசுலேருந்து பன்னெண்டு வரைக்கும் உள்ள புள்ளைங்கள அனுப்பச் சொல்லிட்டாரு ஆபீசரு. அங்கயே கொட்டாயில தங்கணும். ஒரு புள்ளைக்கு மாசம் அஞ்சு காத்தி அரிசி, வீட்டுக்கு வந்துரும்."

அஞ்சு காத்தி என்றால் இன்றைய கணக்கில் மூன்று கிலோ. அரிசி என்றதும் ஒரு முனகல் கேட்டது. அது வயிற்றின் முனகலா வாயின் முனகலா என்று எனக்குத் தெரியாது.

"படிக்கிற புள்ளைங்கள விட்டுருவாங்களா?" என்று கூட்டத்திலிருந்து கேட்டாள் மயிலம்மாள்.

"பள்ளிக்கூடம் இருந்தா விட்டுருவாங்களாம். நானும் கேட்டுட்டேன்லா. கூரை உள்ள பள்ளிக்கூடமா இருக்கணும், மழ பேஞ்சாலும் புள்ளைங்க உள்ள உக்காந்து படிக்கணும், காலையில ஜப்பான் பாட்டு பாடணும். இன்னைக்குப் பதினஞ்சாம் நாள் வந்து பாப்பாரு. கூரை இல்லாட்டி அன்னைக்கே லோரியில ஏத்திருவாங்க."

மயிலம்மாள் எனக்கு அடுத்த வீடு. அவள் புருஷன் சன்னாசி, ஒரே மகள் வள்ளிநாயகி, பத்து வயசு. எங்கள் லயத்தில் வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவே ஒற்றைப் பலகைதான், அடுத்த வீட்டில் இருமினால் இந்த வீட்டில் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுக்கலாம். அன்று பெரட்டு முடிந்து வந்ததும் அங்கே சண்டை தொடங்கியது. ஒட்டுக் கேட்டேன் என்று யாரும் சொல்ல வேண்டாம், காதை மூடிக்கொண்டாலும் கேட்கும்.

"பேரு குடுத்துட்டு வந்தீங்களாமே. எங்கிட்ட ஒரு வார்த்த கேக்கலையே" என்றாள்.

"கேட்டா என்னா சொல்லுவ? வேணாம்ப. அஞ்சு காத்தி அரிசி மயிலு. அரிசியக் கண்ணால பாத்து எத்தன மாசமாச்சு. புள்ளயும் அங்க சாப்டும், நம்மளும் இங்க ரெண்டு பருக்க சாப்டலாம்."

"பத்து வயசுப் புள்ளய ஆத்தங்கரையில விட்டுட்டு எனக்கு அந்தச் சோறு எறங்குமா?"

"எல்லாப் புள்ளயும்தான் போவுது."

"எல்லாப் புள்ளயும் போவக் கூடாதுன்னுதான் நானும் சொல்றேன். கூரை இருந்தா போவ வேணாமாம்ல."

"கூரைய நீ போடப் போறியா?"

"போடுறேன்."

"எதுல போடுவ? ஒன் தலமுடியிலயா?"

நான் பலகைக்கு இந்தப் பக்கம் சிரித்துவிட்டேன். சிரித்தது தப்பு என்று பிறகு தெரிந்தது.

அத்தாப்பு ஓலை வாங்கிப் போடலாமே என்று கேட்பீர்கள். லிங்கிப் பக்கத்து மலாய்க்காரர்களின் கம்பத்து ஊர்களில் பின்னுகிற அத்தாப்பு ஒரு கீற்று விடாமல் பட்டாளத்துக் கொட்டகைகளுக்குப் போய்க்கொண்டிருந்தது. லாலான் புல்லை வெட்டிப் போடலாம் என்றால், மரவள்ளி நடுவதற்காக ஒரு மைலுக்கு எல்லாப் புல்லையும் நாங்களே கொளுத்திவிட்டோம். கொடுப்பதற்குக் கையில் எதுவுமே இல்லாத ஜனங்கள், எதை வைத்துப் பள்ளிக்கூடம் கட்டுவது?

மறுநாள் காலையில் மயிலம்மாள் என் வாசலில் வந்து நின்றாள்.

"முருகையாண்ணே, நான் ஸ்டோர்ல வேல செஞ்சப்ப கட்டியிருந்த சாக்கு ஞாபகம் இருக்கா?"

"அந்த நாத்தத்த மறக்க முடியுமா?"

"நாத்தத்த விடுங்க. பால் சிந்திச் சிந்தி அது தோல் மாதிரி ஆயிருச்சுல்ல. மேல தண்ணி ஊத்துனா வழிஞ்சு ஓடிரும், உள்ள ஒரு சொட்டு எறங்காது. மரத்துல பாலு இருக்கு. ரெண்டு வருசமா வெட்டாத மரம், தொட்டாக் கொட்டும். சாக்கு இருந்தாக் கூரை போட்டுரலாம்."

"எத்தன சாக்கு?"

"அறுபது."

நான் என் இடுப்பைக் குனிந்து பார்த்துக்கொண்டேன். அவளும் பார்த்தாள்.

"மூணு வெச்சிருக்கீங்க. ரெண்டு குடுங்க போதும்" என்றாள்.

இப்படித்தான் வீடு வீடாகப் போனாள். கெஞ்சவில்லை. வாசலில் நின்று, அந்த வீட்டில் பட்டியலில் இருக்கிற பிள்ளையின் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவாள். பிள்ளை ஓடி வந்து நிற்கும். அதற்குப் பிறகு அந்த வீட்டுக்காரனுக்குச் சாக்கு இல்லை என்று சொல்ல வாய் வராது. வீரமுத்து வீட்டில் இருந்ததே இரண்டு சாக்கு, ஒன்றைக் கொடுத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு அவன் வெளியே போனால் அவன் பெண்டாட்டி உள்ளே இருப்பாள், அவள் தண்ணீருக்குப் போனால் அவன் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பான். மணியம் கிராணி கிட்டங்கியிலிருந்து நாலு அரிசிச் சாக்கை யாருக்கும் தெரியாமல் கொடுத்தார். பெண்கள் முதலில் அவற்றை உதறினார்கள். இரண்டு கைப்பிடி நொய் விழுந்தது. அதைக் கஞ்சி வைத்து, பட்டியலில் இருந்த நாற்பத்தொரு பிள்ளைகளுக்கும் ஆளுக்கு ஒரு மிடறு கொடுத்தார்கள்.

சன்னாசி மட்டும் கொடுக்கவில்லை. "பேரு குடுத்தாச்சு, முடிஞ்சு போச்சு" என்று சாக்கை இறுக்கிக் கட்டிக்கொண்டு கள்ளுக்கடைக்குப் போய்விட்டான். மயிலம்மாள் தன் மேல் சாக்கையும் தலைச் சாக்கையும் கொடுத்துவிட்டு, கிழிந்த சேலையோடு நின்றாள்.

ஐந்தாம் நாள் காலையில் நாங்கள் மறுபடியும் பால் வெட்டினோம். இரண்டு வருஷம் கழித்துக் கத்தியை எடுத்தபோது கை கூசியது. மரம் மறக்கவில்லை. பட்டையைச் சீவிய உடனே பால் ஓடி வந்து மங்குக் கோப்பையில் விழுந்தது. காண்டாக் கம்பைத் தோளில் போட்டு இரண்டு பக்கமும் வாளி தொங்க மர நிரையிலிருந்து இறங்கி வந்தபோது, கூலி கிடையாது, சோறு கிடையாது, ஆனாலும் எல்லோருக்கும் வாய் நிறையச் சிரிப்பு. காட்டுக் கம்பு வெட்டிச் சட்டம் கட்டியாயிற்று. வளைந்த ஆணிகளைக் கல்லில் வைத்துத் தட்டி நிமிர்த்தியாயிற்று. சாக்குகளைப் பிரித்து ஒன்றின்மேல் ஒன்று ஏறும்படி கூரையில் அடித்தோம். தேங்காய் மட்டையால் பாலை அள்ளி அள்ளிப் பூசினோம்.

இங்கேதான் அந்தத் தப்பு நடந்தது. ஸ்டோரில் பால் வந்ததும் முதல் வேலை, பாலில் பாதிக்குப் பாதி தண்ணீர் கலப்பது. பிறகு திராவகம் விட்டால் பால் உறைந்து கட்டியாகும். மயிலம்மாள் பதினெட்டு வருஷம் அந்த வேலை செய்தவள். வாளியில் பாலைப் பார்த்ததும் அவள் கை தானாகத் தண்ணீரைத் தூக்கி ஊற்றிவிட்டது. திராவகம் விடவில்லை, ஏனென்றால் திராவகம் தோட்டத்திலேயே இல்லை. முப்பது பேர் பார்த்துக்கொண்டு நின்றோம். அத்தனை பேரும் ரப்பரிலேயே பிறந்து வளர்ந்தவர்கள். ஒருத்தனுக்கும் தப்பாகத் தோன்றவில்லை. பாலில் தண்ணீர் ஊற்றுவது எங்களுக்குச் சோற்றில் உப்புப் போடுகிற மாதிரி.

மத்தியானம் மூன்று மணிக்குப் பூசி முடித்தோம். கூரை வெள்ளை வெளேரென்று இருந்தது. பிள்ளைகளை உள்ளே உட்கார வைத்து அழகு பார்த்தோம். நாலு மணிக்கு மழை பிடித்தது.

முதலில் ஒரு சொட்டு, பிறகு இன்னொன்று, பிறகு நாற்பது இடத்தில் ஒரே சமயத்தில் பால் ஒழுகியது. தண்ணீர் கலந்த பால் உறையவே இல்லை. மழை அதைக் கழுவிப் பிள்ளைகள் தலையில் கொட்டியது. வள்ளிநாயகி முகமெல்லாம் வெள்ளையாகி, முதலில் சிரித்தாள், அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள். வடிகால் முழுவதும் வெள்ளையாக ஓடியது. எங்கள் இரண்டு நாள் உழைப்பு ஆற்றைத் தேடிப் போனது.

சன்னாசி கள்ளுக்கடையிலிருந்து வந்து வேலியோரம் நின்று பார்த்தான்.

"பள்ளிக்கூடத்துக்குப் பாலாபிஷேகம் பண்ணிட்டா எம் பொண்டாட்டி" என்றான்.

சிலர் சிரித்தார்கள். சிலர் கூரைமேல் ஏறித் தங்கள் சாக்கைப் பிடுங்க ஆரம்பித்தார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது, மழை பெய்கிறது, உடம்பில் ஒன்றுமில்லை. மயிலம்மாள் அவர்களைத் தடுக்கவில்லை. பிடுங்கிப் போட்ட சாக்கையெல்லாம் ஒரு குவியலாக இழுத்துப் போட்டாள். பிறகு அதன்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டாள்.

"எறங்கு தங்கச்சி. எஞ்சாக்க எடுத்துக்கறேன்" என்றான் வீரமுத்து.

"தரமாட்டேன்."

"மானத்தோட வெளையாடாத."

"இன்னும் ஒம்போது நாளு இருக்கு வீரமுத்தண்ணே. லோரி வந்து ஒம்மவன ஏத்திட்டுப் போனதுக்கு அப்பறம் வந்து கேளு, நானே தொவச்சுத் தரேன்."

அப்போதுதான் ஆம்புரோஸ் பேசினார். ஆக்னஸ் டீச்சரின் புருஷன். இருபது வருஷம் புகைக்கொட்டகையில் ஷீட்டு காய வைத்தவர். கொட்டகை வெறுமையாகக் கிடந்த அந்த இரண்டு வருஷமும் தினம் காலையில் போய் அதைக் கூட்டிப் பெருக்கிவிட்டு வருவார். ஏன் என்று கேட்டால், கிடக்கட்டும் என்பார். ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசினால் அதிகம். அன்று பத்துக்கு மேல் பேசினார்.

"தண்ணி ஊத்துனது தப்பில்ல மயிலு. பாதியில விட்டதுதான் தப்பு. ஷீட்டுக்குச் செய்றது முச்சூடும் சாக்குக்கும் செய்யணும். ஒறைய வெச்சு, மெஷின்ல குடுத்துப் பிழிஞ்சு, பொகையில தொங்கப் போட்டா அது கல்லு."

"தெராவகம் எங்கண்ணே இருக்கு?"

"தெராவகம் இல்லாட்டிப் போவுது. புளிச்ச கள்ளு ஊத்துனா ஒறையாதா? சீனன் சின்னத் தோட்டத்துல எல்லாம் அதத்தான் ஊத்துறான்."

"எவ்வளவு வேணும்?"

ஆம்புரோஸ் குவியலைப் பார்த்தார், பிறகு எங்களைப் பார்த்தார். "மூணு நாளு கள்ளு" என்றார். "தோட்டத்துக் கள்ளு முச்சூடும்."

ஆண்கள் ஒவ்வொருத்தராகப் பின்னால் நகர்ந்தார்கள். சாக்கைக் கேட்டபோதுகூட யாரும் அப்படி நகரவில்லை. படிக்கிறவர்கள் எங்களைக் கேவலமாக நினைக்கக் கூடாது. மரவள்ளியைத் தின்று, மண்ணைக் கொத்தி, சயாம் ரயில் வேலைக்குப் பிடித்துக்கொண்டு போய்விடுவானோ என்று லோரிச் சத்தத்துக்கெல்லாம் காட்டில் ஒளிந்து கிடந்த காலத்தில், சாயங்காலம் கள் இறக்குகிற முனியாண்டி ஊற்றித் தருகிற அந்த ஒரு மங்கு கள்தான் எங்களுக்கு நல்லது கெட்டது எல்லாம்.

மறுநாள் சாயங்காலம் மயிலம்மாள் ஸ்டோரிலிருந்து ஒரு பெரிய மரப்பீப்பாயை உருட்டி வந்து கள்ளுக்கடை வாசலில் நிறுத்தினாள். நாங்கள் ஆளுக்கொரு மங்கைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

"குடிக்கிறவங்க குடிங்க. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். ஊத்துறவங்க இதுல ஊத்துங்க" என்றாள். பிறகு அங்கேயே ஒரு கல்லின் மேல் உட்கார்ந்துகொண்டாள்.

அவள் திட்டியிருந்தால் சுலபமாகக் குடித்திருப்போம். பெண்கள் திட்டத் திட்டக் குடித்துப் பழக்கம். சும்மா உட்கார்ந்திருந்தால் எப்படிக் குடிப்பது? மரமேறி முனியாண்டிதான் முதலில் எழுந்தான். அவனுக்குப் பெண்டாட்டியும் இல்லை, பிள்ளையும் இல்லை.

"கள்ளுக்கு நீங்க எனக்குக் குடுக்கறது மரவள்ளி. அந்த மூணு நாளு மரவள்ளி எனக்கு வேணாம். நான் பட்டினி கெடந்துக்கறேன்" என்று சொல்லிக் குடத்தில் மிச்சமிருந்த கள்ளை அப்படியே பீப்பாயில் கவிழ்த்தான்.

எனக்கு ரோஷமாக வந்தது. நானும் எழுந்துபோய் ஊற்றினேன். ஒரு மடக்குக் குடித்துவிட்டுத்தான் மிச்சத்தை ஊற்றினேன், பொய் சொல்லக் கூடாது. வீரமுத்து கண்ணை மூடிக்கொண்டு ஊற்றினான். ஒவ்வொருத்தராக எழுந்தார்கள். கடைசியில் சன்னாசி ஒருத்தன் மிச்சம். அவன் பெண்டாட்டியைப் பார்த்தபடியே மங்கைத் தூக்கி, நிதானமாக, ஒரு சொட்டு விடாமல் குடித்து முடித்தான். வாயைத் துடைத்துக்கொண்டு போனான். மயிலம்மாள் பீப்பாய்க்கு மூடி போட்டாள்.

அடுத்த நாள் விடிந்ததும் மணியம் கிராணி பட்டியலைக் கொடுக்க லிங்கிக்குப் போனார். சன்னாசியும் கூடப் போனான். பிள்ளை இருக்கப்போகிற இடத்தைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று வீட்டில் சொன்னது எனக்குக் கேட்டது. போக பத்து மைல், வர பத்து மைல். கள் ஊற்றத் தொடங்கிய மூன்றாம் நாள் சாயங்காலம்தான் திரும்பி வந்தான், கால் முட்டிவரை சேறு. நேராகக் கள்ளுக்கடைக்கு வந்தான். முனியாண்டி கேட்காமலே ஒரு மங்கு ஊற்றிக் கொடுத்தான். சன்னாசி அதை வாங்கிக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்தான், குடிக்கவில்லை.

"கொட்டாய்க்குச் சொவரு இல்ல முருகையாண்ணே" என்றான். "ஆத்துத் தண்ணி உள்ளயே வருது. லாபு ஊருப் பக்கத்துலேருந்து கூட்டியாந்த புள்ளைங்க இருக்குதுங்க. பாதிப் புள்ளைங்க காய்ச்சல்ல கெடக்குதுங்க. ஒரு புள்ள என்னையப் பாத்து அப்பான்னு கூப்டுச்சு. எம்மவ இல்ல. யாரு புள்ளையோ. எம்மவ வயசுதான் இருக்கும்."

"பேர அடிக்கச் சொல்ல வேண்டியதுதானே?"

"சொன்னேன். கிராணி கையெடுத்துக் கும்புட்டாரு. பட்டியல் மேல போயிருச்சாம். இனிமே யாரு பேரையும் அடிக்க முடியாதாம். கூரை ஒண்ணுதான் வழியாம்."

அவனுக்கு அழுகை வந்துவிட்டது. ஆண்பிள்ளை அழுவதைப் பார்க்க எனக்குச் சங்கடமாக இருந்ததால் பீப்பாயைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் எழுந்துபோய் மங்கைக் கவிழ்த்தான். பிறகு இடுப்பில் கட்டியிருந்த சாக்கை அவிழ்த்து, உள்ளே கட்டியிருந்த கோவணத்தோடு நின்று, பெண்டாட்டியிடம் நீட்டினான்.

"இது ஒண்ணுதான் இருக்கு" என்றான்.

மயிலம்மாள் வாங்கிக்கொண்டாள். "நாளைக்கு மெஷின் சுத்த ஆளு வேணும். வந்துருங்க" என்றாள். அவ்வளவுதான் பேச்சு. அன்று இரவு முழுவதும் அந்த வீட்டில் சண்டைச் சத்தம் கேட்கவில்லை, எனக்குத்தான் பொழுது போகவில்லை.

அதற்குப் பிறகு தோட்டம் தோட்டமாக இருந்தது. விடியலில் பால்வெட்டு. பத்து மணிக்குக் காண்டா இறங்கும். மயிலம்மாள் பாலைத் தொட்டியில் ஊற்றி, தண்ணீர் கலந்து, புளித்த கள்ளைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக் கலக்குவாள். நாற்றம் சொல்லி முடியாது. அதில் சாக்கை முக்கி அமிழ்த்தி வைத்தால், சாயங்காலத்துக்குள் பால் சாக்கோடு சேர்ந்து கட்டியாகிவிடும். முதல் சாக்கைத் தூக்கிப் பார்த்து அவள் விரலால் அழுத்தினாள். விரல் பதியவில்லை. "ஒறைஞ்சிருச்சு" என்று மெதுவாகத்தான் சொன்னாள், ஆனால் ஸ்டோர் முழுக்கக் கேட்டது. துருப்பிடித்த மெஷினை எண்ணெய் இல்லாமல் சன்னாசி கையால் சுற்றினான். அது கத்திய கத்தலுக்குப் பெடாஸில் இருக்கிறவர்கள்கூட எழுந்திருப்பார்கள். பிழிந்த சாக்குகளை ஆம்புரோஸ் புகைக்கொட்டகையில் வரிசையாகத் தொங்கவிட்டு அடியில் ரப்பர் விறகை மூட்டினார். நாலு நாள் பகலும் இரவும் அவர் அங்கிருந்து நகரவில்லை. ஆக்னஸ் டீச்சர் அவித்த மரவள்ளியைக் கொண்டுபோய் ஊட்டிவிட்டு வந்தாள். புகையிலிருந்து எடுத்தபோது சாக்கு கருப்பட்டி நிறத்தில், விறைப்பாக, தட்டினால் டம் என்று சத்தம் போட்டது.

பதினாலாம் நாள் கூரை ஏறியது. அன்று பார்த்து ஒரு துளி மழை இல்லை. ஒழுகுமா ஒழுகாதா என்று தெரியாமலே படுத்தோம்.

பதினைந்தாம் நாள் காலை ஒன்பது மணிக்கு ஜப்பான் ஆபீசர் காரில் வந்தான். பின்னால் ஒரு காலி லோரி. அந்த லோரியைப் பார்த்ததும் பெண்கள் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டார்கள். பிள்ளைகள் உள்ளே உட்கார்ந்திருந்தார்கள், நாங்கள் வெளியே நின்றோம். எனக்கு மிச்சமிருந்த ஒரு சாக்கை வீரமுத்துவும் நானும் பங்கு போட்டுக் கட்டியிருந்தோம், அதைப் பற்றி விவரம் வேண்டாம். பிள்ளைகள் ஜப்பான் பாட்டைப் பாடினார்கள். ஆபீசர் அண்ணாந்து கூரையைப் பார்த்தான். கிராணியிடம் மலாயில் என்னவோ சொன்னான். கிராணியின் முகம் வெளுத்தது.

"சாக்குத் துணிய மேல போட்டுட்டு என்னைய ஏமாத்தறீங்களான்னு கேக்கறாரு" என்றார்.

"மழ வரட்டும்னு சொல்லுங்க" என்றாள் மயிலம்மாள்.

அரைமணி நேரம் நின்றோம். ஆபீசர் கைக்கடிகாரத்தைப் பார்த்தான். லோரிக்காரன் பின்கதவைத் திறந்து போட்டான். சன்னாசி மெல்ல நகர்ந்து பள்ளிக்கூட வாசலில் போய் நின்றுகொண்டான், கோவணத்தோடு, கையை மார்பில் கட்டிக்கொண்டு. பட்டாளத்துக்காரன் தள்ளினால் விழுந்துவிடுகிற உடம்புதான். ஆனாலும் நின்றான்.

பிறகு மேற்கே இருட்டிக்கொண்டு வந்தது. ரப்பர் மரங்களின் மேல் இரைச்சலோடு மழை ஓடி வருவது கேட்டது. ஆபீசர் நனையாமலிருக்க உள்ளே ஓடினான். மழை கூரையில் விழுந்த சத்தம் நூறு பறை ஒரே சமயத்தில் அடித்த மாதிரி. நாங்கள் வெளியே நனைந்துகொண்டு, வாசல் வழியாகப் பிள்ளைகளின் தலையையே பார்த்துக்கொண்டிருந்தோம். கால் மணி நேரம். ஒரு தலையும் நனையவில்லை. ஆக்னஸ் டீச்சர் கரும்பலகையில் எழுதிக்கொண்டே இருந்தாள், எழுத்து கரையவில்லை.

ஆபீசர் வாள் உறையால் கூரையைக் குத்தினான். உறை துள்ளித் திரும்பி வந்தது. மறுபடியும் குத்தினான். பிறகு பெஞ்சு இல்லாத அந்தத் தரையில், பிள்ளைகள் நடுவில் நின்று வாய்விட்டுச் சிரித்தான். தான் கொண்டுவந்த பட்டியலை எடுத்து, குறுக்கே ஒரு கோடு போட்டு, கிராணியிடம் நீட்டினான். காலி லோரியைப் பார்த்துக் கையை ஆட்டினான். அது திரும்பிப் போனது. எங்கள் பெண்கள் போட்ட குலவை மழைச் சத்தத்தையும் மீறிக் கேட்டது.

அத்தோடு போயிருப்பான். வாசலுக்கு வந்தவன் நின்று கூரையைக் காட்டிக் கிராணியிடம் கேட்டான். தன் சாமான் கிட்டங்கிக்கு இந்த மாதிரி நூறு வேண்டுமாம். உடனே வேண்டுமாம்.

கிராணி "சரி துவான், சரி துவான்" என்று தலையாட்டுவதற்குள் மயிலம்மாள் முன்னால் வந்துவிட்டாள். கிழிந்த சேலை, மழையில் ஒட்டிய தலைமயிர். பசாரில் மீன் வாங்குகிற மலாயில் நேராக அவனிடமே பேசினாள்.

"கூனி துவான் காசி. பெராஸ் துவான் காசி. பாப்பான் துவான் காசி. கித்தா பிக்கின்."

சாக்கும் அரிசியும் பலகையும் நீ கொடு, நாங்கள் செய்து தருகிறோம் என்றாள். பத்துச் சாக்கு செய்தால் ஒன்று பள்ளிக்கூடத்துக்கு என்று விரலால் எண்ணிக் காட்டினாள். பலகை எதற்கு என்று அவன் கேட்டான். தரையில் உட்கார்ந்திருந்த பிள்ளைகளைக் காட்டினாள். பிறகு பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் இருந்த காலி இடத்தைக் காட்டினாள். அங்கே இன்னொரு வகுப்புக் கட்ட வேண்டும் என்பதை அவள் மலாயில் எப்படிச் சொன்னாள் என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை, அவனுக்குப் புரிந்தது. கிராணி கண்ணை மூடிக்கொண்டார். வாள் இப்போது உருவப்படும் என்று நினைத்திருப்பார், நானும் அதைத்தான் நினைத்தேன்.

"கள்ளுக்கும் சேத்துக் கேளு மயிலு" என்று பின்னாலிருந்து வீரமுத்து முணுமுணுத்தான்.

ஆபீசர் தலையாட்டினான். "பாயிக்" என்றான். சரி என்று அர்த்தம். காரில் ஏறிப் போய்விட்டான்.

ஜப்பான்காரனுக்குக் கூரை செய்து கொடுத்தீர்களே என்று பிற்பாடு என்னைக் கேட்டவர்கள் உண்டு. செய்து கொடுத்தோம்தான். அந்த அரிசியில் எங்கள் பிள்ளைகள் பிழைத்தார்கள், அந்தப் பலகையில் உட்கார்ந்து எழுத்துப் படித்தார்கள். கேட்டவர்கள் சாக்குக் கட்டியதில்லை.

கார் போன பிறகும் மழை விடவில்லை. நாங்கள் வெளியிலேயே நின்றுகொண்டிருந்தோம். பள்ளிக்கூடம் பிள்ளைகளுக்கு என்ற பழக்கம், உள்ளே போக யாருக்கும் தோன்றவில்லை. மயிலம்மாள் வாசலில் ஏறித் திரும்பிப் பார்த்தாள்.

"என்னா அங்கயே நிக்கிறீங்க? உள்ள வாங்க. நம்ம போட்ட கூரைதானே" என்றாள்.

வள்ளிநாயகி நகர்ந்து அப்பனுக்கு இடம் விட்டாள். சன்னாசி அவள் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, வெட்கத்தோடு கரும்பலகையைப் பார்த்தான். ஒவ்வொருத்தராக நுழைந்தோம். நாற்பத்தொரு பிள்ளைகள், தொண்ணூறு பெரியவர்கள், பாதிப் பேருக்கு மேல் துணியில்லை. சுவர் பிதுங்க நின்றோம். புகை வாடையும் புளித்த கள் வாடையும் மூச்சு முட்டியது. நான் அண்ணாந்து பார்த்தேன். மேலே அந்த இரைச்சல், என் முகத்தில் ஒரு சொட்டு விழவில்லை. நான் அழுதேன். கள் குடித்துவிட்டுப் பல நாள் அழுதிருக்கிறேன். குடிக்காமல் அழுதது அன்றைக்குத்தான்.